பகல் நீளமும் மூலிகைகளின் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதினா, துளசி, கொத்தமல்லி, எலுமிச்சைப் புல் போன்ற வாசனைச் செடிகளை மாடியிலோ வயலிலோ வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டுப் பகல், இரவு, வெப்பத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். வெளிநாட்டில் வளர்ப்பவர்களுக்குத் தனியே ஒரு பதில் உண்டு.

பகல் நீளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தமிழ்நாட்டில் அது எவ்வளவு மாறுகிறது?

சூரியன் உதித்து மறையும் வரையான நேரம். சென்னையில் ஆனி மாதத்தில், அதாவது ஜூன் 21-ஐ ஒட்டி, பகல் 12 மணி 53 நிமிடம். மார்கழியில், டிசம்பர் 21-ஐ ஒட்டி, 11 மணி 21 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரியில் அது இன்னும் சுருங்கி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். லக்னோவில் இதே வேறுபாடு ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம். லண்டனில் 8 மணி நேரத்துக்கும் மேல்.

ஒன்று கவனிக்க வேண்டும். செடிக்குப் பகல் சூரிய உதயத்தில் தொடங்குவதில்லை. விடியலின் மங்கிய வெளிச்சமும் அந்தி வெளிச்சமும் அதன் கணக்கில் சேரும். ஆகவே நாட்காட்டியில் உள்ள உதய, அஸ்தமன நேரத்தோடு மொத்தமாக அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால்தான் செடி உணரும் பகல் கிடைக்கும்.

செடி அளப்பது பகலையா, இரவையா?

இரவை. 1920-ல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும், மேரிலாந்து மம்மத் என்ற புகையிலை ரகம் கோடை முழுக்கப் பூக்காமல் உயர்ந்துகொண்டே போனதற்குப் பகலின் நீளமே காரணம் என்று காட்டினார்கள். 1938-ல் ஹாம்னரும் பானரும் அடுத்த படியைக் கண்டார்கள். நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கை ஏற்றினாலே செடி அதைக் குறுகிய இரவாக எடுத்துக்கொள்கிறது. பகலின் நடுவில் கொஞ்ச நேரம் இருட்டாக்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இந்த வேலையைச் செய்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது விழிப்பு நிலைக்குப் போகும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இரவில் விளக்குப் போட்டுச் செடியை ஏமாற்ற முடிவது இதனால்தான்.

ஒன்றரை மணி நேரம் பெரிய வித்தியாசமே இல்லையே, அப்புறம் எதற்குக் கவலை?

வித்தியாசம் சிறியது என்பதுதான் இங்கே பிரச்சினையே. 14 மணி நேரப் பகல் வேண்டும் என்று காத்திருக்கும் செடிக்கு நம் ஊரில் அந்த நாள் வருவதே இல்லை. 13 மணிக்குக் குறைந்தால் பூக்கும் செடிக்கோ இங்கே ஏறத்தாழ எந்நாளும் பூக்கும் நாள்தான். முன்னதற்குப் பெப்பர்மின்ட் எடுத்துக்காட்டு, பின்னதற்குச் சீனித்துளசி (ஸ்டீவியா). விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட "60 நாளில் அறுவடை" என்பது பெரும்பாலும் வட நாட்டு நீண்ட கோடையை வைத்து எழுதியது. அது இங்கே பொருந்தவில்லை என்றால் உரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

நீண்ட பகலும் அதிக வெயிலும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் அதிகப் பணம் வீணாகிறது. பகல் நீளம் செடிக்குச் செய்தி, ஒளியின் மொத்த அளவு உணவு.

கணக்குப் போட்டால் தெளிவாகும். லக்ஸ் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு; மோல் என்பது செடிக்குக் கிடைக்கும் ஒளியின் அளவு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். தரையில் 100 லக்ஸ் வெளிச்சம் தரும் மஞ்சள் நிற எல்இடி பல்பு, செடிக்குப் பயன்படும் ஒளியாக நொடிக்கு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 மைக்ரோமோல் தரும். 4 மணி நேரம் எரிந்தால் மொத்தம் 0.02 மோல். திறந்த வெளியில் நம் ஊர்க் கோடை வெயில் ஒரு நாளில் 40 மோலை எட்டும். பல்பு தரும் உணவு அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அந்த 0.02 மோல் செடியின் பூக்கும் காலத்தையே மாற்றிவிடும்.

மறுபக்கமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக் கிடக்கும்போது பகல் நீளம் அரை மணி நேரம்தான் குறைந்திருக்கும். ஒளியின் மொத்தமோ பாதிக்குக் கீழே போயிருக்கும். அப்போது இலை மெலிந்து வாசனை குறைவதற்குக் காரணம் பகல் நீளம் அல்ல, மேகம்.

எண்ணெய் செடியில் எங்கே இருக்கிறது? பகல் நீளம் அதை எப்படிப் பாதிக்கும்?

புதினா, துளசிக் குடும்பத்தில் இலையின் மேல்தோலில் மிகச் சிறிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். விரலால் தேய்த்ததும் வாசம் கிளம்புவது அவை உடைவதால். இலை விரிந்துகொண்டிருக்கும்போதே பைகள் உருவாகி நிரம்பிவிடும். முற்றிய இலையில் புதிதாக எண்ணெய் அதிகம் சேராது. அங்கே நடப்பது எண்ணெயின் சேர்மங்கள் மாறுவதுதான்.

பகல் நீளம் மூன்று வழியில் கை வைக்கிறது. முதலாவது, செடி இலை விடுவதா, பூத்தண்டு விடுவதா, தரையில் ஓடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆக மொத்தம் எத்தனை இலை என்பது அதன் கையில். இரண்டாவது, பூ வந்தால் எண்ணெயின் சேர்க்கை மாறும். மூன்றாவது, பகலில் செய்த சர்க்கரைக்கும் இரவில் செடி மூச்சு விட்டுக் கரைக்கும் சர்க்கரைக்கும் உள்ள இருப்புக் கணக்கு. இதில் இரவு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவதுதான்.

பெப்பர்மின்ட்டை இங்கே வளர்த்தால் கடையில் வாங்கும் எண்ணெயின் மணம் ஏன் வருவதில்லை?

பெப்பர்மின்ட் நீள்பகல் செடி, அதாவது பகல் நீண்டால் பூக்கும் வகை. அமெரிக்காவில் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ மாநிலங்களில் இது பெரும் பயிர். வாஷிங்டனின் யாக்கிமா பகுதியில் ஜூன் மாதப் பகல் பதினைந்தே முக்கால் மணி நேரத்தையும் தாண்டும், இரவோ குளிர்ந்துவிடும். அந்தச் சூழலில் செடி நிமிர்ந்து வளர்ந்து, பெரிய இலை விட்டு, பூக்கும். 12 மணி நேரப் பகலில் அதே செடி நிமிர்வதை விட்டுவிட்டுத் தரையோடு ஓடுதண்டு விடும். இலை சிறுக்கும், பூ வராது.

எண்ணெயில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு சேர்மத்தின் பெயரை நினைவில் வைத்தால் போதும்: புலிகோன். குளிர்ச்சி தரும் சேர்மமான மென்தாலைச் செடி செய்யும் பாதையில் அது ஒரு முச்சந்தி. ஒரு பக்கம் திரும்பினால் மென்தோன், அதன் பின் மென்தால். மறு பக்கம் திரும்பினால் மென்தோஃபியூரான், அதோடு பாதை முடிந்தது. முதல் வழியில் போனால் குளிர்ச்சியான, சுத்தமான மணம். இரண்டாவதில் போனால் காட்டமும் கசப்பும். அந்த எண்ணெய் வைத்திருக்கும்போது நிறமும் மாறும்.

எந்தப் பக்கம் திரும்பும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. 1967-ல் பர்பாட், லூமிஸ் இருவரும் கட்டுப்படுத்திய அறைகளில் வளர்த்துக் காட்டியது இது: நல்ல ஒளி, நீண்ட பகல், குளிர்ந்த இரவு இருந்தால் மென்தோன் சேர்கிறது. குறைந்த ஒளி, குறுகிய பகல், வெப்பமான இரவு இருந்தால் புலிகோனும் மென்தோஃபியூரானும் சேர்கின்றன. செடியிடம் சர்க்கரை இருப்பு இருந்தால் முதல் வழி, இருப்பு கரைந்துவிட்டால் இரண்டாவது வழி என்று இதற்கு அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே தயங்கும். பகலும் 13 மணியைத் தொடாது. இரண்டு நிபந்தனையும் எதிராக இருக்கும்போது உரமோ நுண்ணூட்டமோ அந்த மணத்தைக் கொண்டுவராது. கோடைக்கானலில், ஊட்டியில் பகல் நீளம் கிட்டத்தட்ட சென்னையைப் போலத்தான், ஆனால் இரவு குளிர்கிறது. அதனால் பாதி நிபந்தனை நிறைவேறும். இலை குறைவாக இருந்தாலும் மணம் சமவெளியைவிட நன்றாக வர வாய்ப்பு அதிகம். எண்ணெய்க்காகப் பெப்பர்மின்ட்டைச் சமவெளியில் போடாதீர்கள் என்பதே எங்கள் அறிவுரை. தேநீருக்கு நாலு இலை போதும் என்றால் தாராளமாக வளர்க்கலாம்.

அப்படியானால் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் எப்படி அவ்வளவு மென்தால் எடுக்கிறார்கள்?

அது வேறு செடி. பாராபங்கி போன்ற மாவட்டங்களில் விளைவது மென்தால் புதினா, ஜப்பான் புதினா என்றும் சொல்வார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ நறுமணத் தாவர நிறுவனம், சுருக்கமாக சிமாப், அதற்கென்றே கோசி, ஹிமாலயா, சக்ஷம் போன்ற ரகங்களை வெளியிட்டது. அதன் எண்ணெயில் 70 முதல் 80 விழுக்காடு மென்தால். வெப்பத்தைப் பெப்பர்மின்ட்டைவிட நன்றாகத் தாங்கும்.

அங்கே நடவுக் காலத்தைப் பாருங்கள். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் ஓடுதண்டை நடுகிறார்கள். அப்போது பகல் 11 மணிக்குச் சற்றுக் குறைவு. அறுவடை மே, ஜூனில், அதற்குள் பகல் 13 மணி 49 நிமிடத்தை நெருங்கியிருக்கும். வளரும் செடியோடு பகலும் நாளுக்கு நாள் வளர்கிறது. தமிழ்நாட்டில் தை மாதம் நட்டாலும் அந்த ஏற்றம் ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். செடி வளரும், எண்ணெயும் வரும். ஆனால் வடக்கில் ஏக்கருக்கு வரும் மகசூலை வைத்து இங்கே வரவு செலவுத் திட்டம் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கால் ஏக்கரில் ஒரு பருவம் போட்டுப் பார்த்த பிறகே வாலை, அதாவது எண்ணெய் வடிக்கும் கலன், வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

மார்கழியில் வீட்டுப் புதினா ஏன் தரையோடு படர்கிறது?

குறுகிய பகலில் புதினாவின் இயல்பே அது: ஓடுதண்டு விட்டு இடம் பிடிப்பது. அதைத் தடுக்க வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓடுதண்டை 8 முதல் 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். தை முடிவதற்குள் நட்டால் மாசி, பங்குனியில் பகல் நீளும்போது நிமிர்ந்த புதுத் தண்டு வரும். பழைய தொட்டியையே தொடர்ந்தால் நடுவில் வெறுமையும் ஓரத்தில் நெருக்கமுமாக ஆகிவிடும்.

கொத்தமல்லி இலை வரும் முன்பே பூத்துவிடுகிறதே?

கொத்தமல்லியும் சதகுப்பையும் நீள்பகல் செடிகள். பகல் நீள நீளப் பூத்தண்டு சீக்கிரம் எழும். ஆனால் நம் ஊரில் முதல் குற்றவாளி வெப்பம். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்து, மண்ணும் காய்ந்தால் 12 மணி நேரப் பகலிலேயே கொத்தமல்லி தண்டு விட்டுவிடும். சித்திரையில் நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்து வருவதால் இரட்டை அடி.

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் ஐப்பசியில் மானாவாரி மல்லி விதைக்கும் வழக்கம் இதை நன்றாக அறிந்த வழக்கம். குறுகிய, குளிர்ந்த நாட்களில் இலை நிறைய விட்டு, பகல் நீளத் தொடங்கும்போது மணி பிடிக்கும். மாடியிலும் அதே வரிசையைப் பின்பற்றுங்கள். ஐப்பசி முதல் தை வரை 10 நாளுக்கு ஒரு தொட்டி விதைத்து, 35 முதல் 40 நாளில் இலையாகவே எடுத்துவிடுங்கள். கோடையில் வேண்டும் என்றால் 50 விழுக்காடு நிழல்வலை, நெருக்கமான விதைப்பு, 30 நாளில் வேரோடு பிடுங்குதல். மீண்டும் துளிர்க்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாசனையைப் பற்றி: இலையின் மணம் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்களால் வருவது, முற்றிய விதையின் மணம் பெரும்பாலும் லினலூலால். பூத்தண்டு எழுந்ததும் இலை சன்னமாகப் பிரிந்து, இலைச் சுவையும் குறைந்துவிடும். தண்டைக் கிள்ளினாலும் பழைய அகன்ற இலை திரும்பாது. அந்தச் செடியை விதைக்கு விடுவதே மேல்.

சீனித்துளசியும் ஆர்ட்டிமிசியாவும் முழங்கால் உயரத்திலேயே பூக்கின்றன. உரம் போதவில்லையா?

உரம் காரணமில்லை. இரண்டும் குறும்பகல் செடிகள், அதாவது பகல் குறைந்தால் பூப்பவை. சீனித்துளசி 13 மணி நேரத்துக்குக் குறைந்த பகலில் பூக்கும். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் எடுக்கும் ஆர்ட்டிமிசியா அன்னுவாவுக்கும் எல்லை அதே சுற்றில்தான், இனத்தைப் பொறுத்துச் சற்று முன்பின். நம் ஊரில் செடி ஆளாகும் முன்பே "பூக்கலாம்" என்ற செய்தி கிடைத்துவிடுகிறது. வெப்ப மண்டலத்துக்கென்று தாமதமாகப் பூக்கும் ஆர்ட்டிமிசியா வகைகளைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான்.

சீனித்துளசியின் இனிப்பு எண்ணெயில் இல்லை, இலையில் உள்ள கிளைகோசைடுகள் என்ற இனிப்புச் சேர்மங்களில் இருக்கிறது. அது மொட்டு விடும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, பூத்த பிறகு குறையும். அதனால் மொட்டு தெரிந்ததும் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் இலையும் போகும், இனிப்பும் போகும். பங்குனி முதல் ஆடி வரை செடி சற்றுத் தாமதமாகப் பூக்கும், ஆகவே புது நடவுக்கு மாசியே நல்லது. அதைவிட நல்ல பலன் வேண்டும் என்றால் கீழே சொல்லும் இரவு விளக்கு முறைக்கு இந்தச் செடிதான் மிகப் பொருத்தம்.

துளசி, திருநீற்றுப்பச்சை?

இவை பகல் நீளத்துக்கு அவ்வளவாக வளைந்து கொடுப்பவை அல்ல, ஆண்டு முழுக்கப் பூக்கும். ஒளியின் மொத்த அளவுதான் இவற்றுக்கு முக்கியம். திருநீற்றுப்பச்சைக்கு இன்னொரு தேவை உண்டு: வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர். எண்ணெய்ப் பைகள் நன்றாக நிரம்ப அது உதவுகிறது. சன்னல் கண்ணாடியும் பாலிகார்பனேட் கூரையும் அதைத் தடுத்துவிடும். வீட்டுக்குள் செழிப்பாக வளர்ந்த செடி, தேய்த்தால் வாசமே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு வெளியே வையுங்கள். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

எலுமிச்சைப் புல் ஐப்பசிக்குப் பிறகு பூக்கிறதே, எண்ணெய் குறையுமா?

குறையும். கேரளத்தில் பெருகி வளரும் கிழக்கிந்திய எலுமிச்சைப் புல் பகல் சுருங்கும்போது பூக்கும். ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தின் சுகந்தி ரகம் இந்த வகை. எண்ணெய் இலையில்தான், பூத்தண்டில் மிகக் குறைவு. கதிர் வந்த கட்டுகளை வாலையில் போட்டால் இடம்தான் அடையும். புரட்டாசிக் கடைசியில் ஒரு வெட்டு, அடுத்து 50 முதல் 60 நாளில் கதிர் தலைகாட்டும் முன்பே இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிந்திய வகை பெரும்பாலும் பூப்பதே இல்லை, வீட்டுத் தொட்டிக்கு அதுவே வசதி.

மரிக்கொழுந்து?

கார்த்திகையில் விதைத்து, மாசி வாக்கில் பூ விரியும்போது அறுப்பது. இந்தக் குளிர்காலப் பருவத்தை மாற்ற முயல வேண்டாம். எண்ணெய் பூங்கொத்தில் மிகுதி என்பதால் பூ நன்றாக விரியும் வரை பொறுத்திருக்க வேண்டும். மாலைக்கு என்றால் முன்பே அறுக்கலாம்.

லாவண்டர் பூக்குமா?

ஆங்கில லாவண்டர் நன்றாகப் பூக்கக் குளிர்காலக் குளிரும் அதன் பின் நீண்ட பகலும் வேண்டும். சமவெளியில் இரண்டும் இல்லை. இலை விளிம்பில் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு லாவண்டர் ஊட்டி, பெங்களூரு போன்ற இடங்களில் அந்தக் கட்டாயம் இல்லாமல் பூக்கும். நாற்று வாங்கும்போது இலை விளிம்பைப் பாருங்கள்.

இரவில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவது எப்படி?

மாலையில் தொடங்கி மணிக்கணக்கில் எரியவிட வேண்டாம். நள்ளிரவில் இரவை இரண்டாக முறித்தால் போதும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் தண்டு போதிய உயரம் வரும் வரை பூக்காமல் நிறுத்திவைப்பது இந்த முறையில்தான்.

தேவை: 9 வாட் மஞ்சள் நிற எல்இடி பல்பு, மழை நனையாத ஹோல்டர், பிளக்கில் செருகும் டைமர். வெள்ளை நிறத்தைவிட மஞ்சள் நிறப் பல்பில் சிவப்பு ஒளி அதிகம் என்பதால் அதையே வாங்குங்கள். பல்பைச் செடி நுனியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் நேர் கீழே 100 லக்ஸை ஒட்டிக் கிடைக்கும். ஏறத்தாழ 1 மீட்டர் அகல வட்டத்துக்கு அது போதும். அதற்கு வெளியே உள்ள தொட்டிகளுக்கு இன்னொரு பல்பு வேண்டும். டைமரை இரவு 10 மணி முதல் 2 மணி வரை வையுங்கள். மின் செலவு 9 வாட், 4 மணி நேரம், 30 நாள்: மாதத்துக்கு 1.08 யூனிட்.

சீனித்துளசிக்கு நட்ட முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். மொட்டு வைத்த பிறகு விளக்குப் போட்டால் அந்த மொட்டு திரும்பிப் போகாது. அப்போது முதலில் வெட்டுங்கள், புதுத் துளிரிலிருந்து விளக்கு.

விளக்குப் போட்டும் பலன் தெரியவில்லை. எங்கே தவறு?

நாங்கள் முதலில் கேட்பது: மின்வெட்டுக்குப் பிறகு டைமரின் நேரத்தைச் சரிபார்த்தீர்களா? முள் டைமர் கரண்ட் போன நேரம் முழுக்க நின்றுவிடும். நாலு நாளில் அது நள்ளிரவுக்குப் பதில் விடிகாலையில் எரிந்துகொண்டிருக்கும். அது இரவை முறிக்காது, ஓரத்தைத்தான் வெட்டும்.

அடுத்தது, இடைவெளி. குறும்பகல் செடிக்குத் தொடர்ந்து ஒரு வாரம் நீண்ட இரவு கிடைத்தாலே பூக்கும் வேலை தொடங்கிவிடலாம். ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போகாதீர்கள். மூன்றாவது, கீழ் இலைகளில் மட்டும் ஒளி பட்டு நுனி நிழலில் இருப்பது.

பெப்பர்மின்ட் வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்கு செடியை நிமிர்த்தும், ஓடுதண்டைக் குறைக்கும். ஆனால் சூடான இரவை அது குளிர்விக்காது. இலை கூடி, மணம் காட்டமாகவே இருந்தால் விளக்கு தன் வேலையைச் செய்துவிட்டது, தடை இரவு வெப்பத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குள் முழுக்க எல்இடியில் வளர்த்தால் எத்தனை மணி நேரம்?

14 முதல் 16 மணி நேரம். செடி நுனியில் 200 மைக்ரோமோல் ஒளி 16 மணி நேரம் கிடைத்தால் நாளுக்கு 11.5 மோல். புதினாவுக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் இது ஓரளவு போதும். அதே 11.5 மோலை 12 மணி நேரத்தில் கொடுக்க 267 மைக்ரோமோல் வேண்டும், அதற்குப் பெரிய விளக்கு தேவை. கொத்தமல்லிக்கு மட்டும் 12 மணி நேரத்தோடு நிறுத்துங்கள், 16 மணி நேரம் கொடுத்தால் தண்டு விடும். 24 மணி நேரமும் எரியவிடக் கூடாது, குறைந்தது 6 மணி நேர இருட்டு இருக்கட்டும்.

மாடிக்கு நேரே தெருவிளக்கு இருக்கிறது. பாதிக்குமா?

பாதிக்கலாம். இரவில் செடி இருக்கும் இடத்தில் கைபேசி லக்ஸ் செயலியை வைத்துப் பாருங்கள், 10 லக்ஸுக்கு மேல் காட்டினால் இடத்தை மாற்றுவது நல்லது. சீனித்துளசிக்கு இது தற்செயலான உதவி. கொத்தமல்லிக்கும் சதகுப்பைக்கும் தொந்தரவு.

லண்டனிலும் டொரண்டோவிலும் கொத்தமல்லி ஜூனில் பூத்துவிடுகிறது. என்ன செய்ய?

அங்கே வெப்பத்தைவிடப் பகல் நீளம்தான் காரணம். லண்டனில் ஜூன் பகல் 16 மணி 38 நிமிடம், டொரண்டோவில் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம். மே, ஜூனில் விதைப்பதை விட்டு, ஏப்ரலில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் விதையுங்கள். இரண்டாவது விதைப்பே நன்றாக நிற்கும், பகல் சுருங்கிக்கொண்டே வருவதால். நடுக் கோடையில் அந்த இடத்தைப் புதினாவுக்கும் பெப்பர்மின்ட்டுக்கும் கொடுங்கள். நாங்கள் இங்கே ஏங்கும் பகலும் குளிர்ந்த இரவும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் சன்னலோரத் துளசி வாடுவது ஒளிப் பற்றாக்குறை. அதற்கு 9 வாட் பல்பு போதாது, மேலே சொன்ன 200 மைக்ரோமோல் விளக்கு வேண்டும்.

விளக்குப் போட்டதால் எண்ணெய் கூடியதா என்று எப்படி உறுதிசெய்வது?

முகர்ந்து பார்த்து முடிவு சொல்லாதீர்கள், நாலாவது மாதிரியிலேயே மூக்கு மழுங்கிவிடும். ஒரே தாய்ச் செடியின் துண்டுகளை, ஒரே மண்ணில், விளக்குள்ள ஆறு தொட்டி, விளக்கில்லாத ஆறு தொட்டி என்று வையுங்கள். நடுவில் கறுப்புத் துணி மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஒளி கசிந்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

அறுவடையை ஒரே நாளில், பனி உலர்ந்த பிறகு, உச்சி வெயிலுக்கு முன் செய்யுங்கள். முந்தைய நாட்கள் மேகமூட்டமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். இலைகளின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டும்: பெப்பர்மின்ட்டின் இளம் இலையில் மென்தோன் மிகுதி, முற்றிய இலையில் மென்தால் மிகுதி. பூ இருந்தால் தனியே பிரித்துவிடுங்கள், அதில் மென்தோஃபியூரானும் புலிகோனும் அதிகம்.

கல்லூரி ஆய்வகங்களில் உள்ள கிளெவெஞ்சர் கருவியில் 100 கிராம் பச்சை இலையை 3 மணி நேரம் வடித்தால் அளவுக்குழாயில் நேரடியாக மில்லிலிட்டர் தெரியும். கூடவே 10 கிராம் இலையைத் தனியாக உலர்த்தி எடை பாருங்கள். 80 விழுக்காடு ஈரம் உள்ள இலையில் 100 கிராமுக்கு 0.5 மில்லி என்றால், உலர் எடையில் அது 100 கிராமுக்கு 2.5 மில்லி. ஒரு தொகுதியைப் பச்சையாகவும் மற்றதைச் சற்று வாடியதாகவும் அளந்துவிட்டு "எண்ணெய் கூடிவிட்டது" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. கடைசியாக, தொட்டி ஒன்றுக்கு மொத்தம் எத்தனை மில்லி என்றும் கணக்கிடுங்கள். விழுக்காடு மாறாமலே இலை கூடியதால் மட்டும் எண்ணெய் கூடியிருக்கலாம். எண்ணெயின் சேர்க்கையை அறியக் கேஸ் குரோமட்டோகிராஃபி சோதனைதான் வழி. அறிக்கை வந்ததும் மென்தாலைப் பார்க்கும் முன் மென்தோஃபியூரான் வரியைப் பாருங்கள். பெப்பர்மின்ட் எண்ணெய்க்கு ஐரோப்பிய மருந்துத் தர நூல் மென்தால் 30 முதல் 55 விழுக்காடு, மென்தோன் 14 முதல் 32 விழுக்காடு என்று வரையறுத்திருக்கிறது. உங்கள் மென்தோன் அதற்கும் கீழே இருந்து, மென்தோஃபியூரான் ஏறியிருந்தால் அடுத்த நடவை மலைக்கு மாற்றுங்கள், அல்லது மென்தால் புதினாவுக்கு மாறுங்கள்.